கோணக்குளம் வார்டு தைத்துக்கொண்ட கதை

கோணக்குளத்துக்காரர்களை முட்டாள் என்று யாரும் திட்டிவிட முடியாது. திட்டினால், "யாரைச் சொல்றாங்க?" என்று திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் யாராவது நின்றால், "அண்ணே, உங்களைத்தான்" என்று தகவலும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவ்வளவு நல்ல மனசு.

அந்த ஊர் ரொம்ப காலமாகப் பேரூராட்சியாக இருந்தது. ஒரு நாள் அதை நகராட்சியாக உயர்த்திவிட்டார்கள். ஊரை உயர்த்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஜனங்கள் தெருவில் கொஞ்சம் மெதுவாகவே நடந்தார்கள். உயரத்திலிருந்து விழுந்தால் அடி பலமாகப் படும் அல்லவா?

கோமுவும் மெதுவாகத்தான் நடந்தாள். ஆனால் அவளுக்கு வேறு காரணம். வயிற்றில் தலைச்சன் பிள்ளை, மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஊர் உயர்ந்தாலும் ஒன்றுதான், தாழ்ந்தாலும் ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பிள்ளையை நல்லபடியாகப் பெற வேண்டும், கையில் ஏந்திக்கொண்டு தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வர வேண்டும். இதைத் தவிர அவள் மனசில் வேறு நினைப்பு இல்லை. வாய் விட்டு எதுவும் கேட்டுப் பழகாதவள். குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்பதற்கே புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இந்தச் சமயத்தில்தான் ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். நகராட்சி ஆகிவிட்டதால் தேர்தல் வரப்போகிறது, அதற்கு முன்னால் ஊரை வார்டுகளாகப் பிரிக்க வேண்டும் என்றார். ஊர்த்தலைவர் வெயிலுகந்தார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மறந்துவிடாமல் இருக்க, அதிகாரி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தோள் துண்டில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டார்.

எல்லா வார்டிலும் ஆள் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். முதல் முடிச்சு. எல்லை எது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும். இரண்டாவது முடிச்சு. வேண்டியவர்களை உள்ளே இழுக்கவும் வேண்டாதவர்களை வெளியே தள்ளவும் கோட்டை வளைக்கக் கூடாது, நேராகப் போட வேண்டும். மூன்றாவது முடிச்சு. பிறகு அதிகாரி சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டார். தலைவர் அதற்கும் ஒரு முடிச்சுப் போட்டார்.

அதிகாரி போனதும் ஊர் கூடியது. அளந்து, கோடு போட்டு, பிரிக்கத் தெரிந்தவர் இங்கே யார் என்று தலைவர் கேட்டார். எல்லோரும் தையல்காரர் சோலையப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சோலையப்பன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"செஞ்சிரலாம். அளவு ஊர் ஒண்ணு குடுங்க."

"அளவு ஊரா?"

"ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் கேக்கிறேன்ல, அது மாதிரி. ஏற்கனவே கச்சிதமா வார்டு பிரிச்ச ஊர் ஏதாச்சும் இருந்தா கொண்டாந்து குடுங்க. ரெண்டு நாள்ல திருப்பித் தந்துருவேன்."

பக்கத்து ஊரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைவர் மறுத்துவிட்டார். போன திருவிழாவுக்கு அவர்களிடம் வாங்கிய அண்டாவையே இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, ஊரை எப்படித் தருவார்கள்? அது நியாயம்தான் என்று சோலையப்பனும் ஒத்துக்கொண்டு, நேராகவே அளவெடுக்கிறேன் என்று டேப்போடு தெருவில் இறங்கினார்.

முன்பக்கம் ஒரு வார்டு, பின்பக்கம் ஒரு வார்டு என்று முடிவாயிற்று. ஜாக்கெட்டுக்கு அதுதானே முறை. கை எங்கே என்று இட்லிக் கடைப் பேச்சியக்கா கேட்டாள். அவள் எதையும் விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள். கை வைக்கிற அளவுக்கு ஊர் பத்தாது என்று சோலையப்பன் சொல்லிவிட்டார்.

பேச்சியக்கா கொடுத்த அரிசி மாவில் முதல் கோடு போட்டார்கள். மத்தியானத்துக்குள் எறும்புகள் எல்லையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. எறும்புப் புற்று இருந்தது பின்வார்டில். எங்கள் எல்லையைப் பின்வார்டு அபகரித்துவிட்டது என்று முன்வார்டுக்காரர்கள் முறையிட்டார்கள். எறும்புகள் எந்த வார்டு என்று பேசி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் சுண்ணாம்புத் தூளில் போட்டார்கள். கோடு நேராக இருக்க வேண்டுமே. ஆகையால் ஒரு வீட்டின் வாசல் வழியாக நுழைந்து, அடுப்பின் மேல் ஏறி இறங்கி, கொல்லை வழியாக வெளியே வந்தது. பால் பண்ணைப் பக்கம் ஓர் எருமை படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிப் போனால் கோடு வளைந்துவிடும். எருமை மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் எருமை எழுந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டு குளத்துப் பக்கம் மேயப் போயிற்று.

"எல்லை போகுது" என்றார் சோலையப்பன்.

தலைவர் துண்டின் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். எல்லை நடக்கக் கூடாது என்று எந்த முடிச்சும் இல்லை. "போகட்டும். சாயங்காலம் பால் கறக்க வரத்தானே செய்யும்" என்று விட்டுவிட்டார்.

ஒரு கோடு போட்டு முடிந்ததும் சோலையப்பன் அதற்குப் பக்கத்தில், ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் விட்டு, இன்னொரு கோடும் போட்டார். எதற்கு என்று பேச்சியக்கா கேட்டாள். உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைத்தால்தானே உடம்பு பெருத்த பிறகு பிரித்து விட முடியும்? நாளைக்கு ஊர் பெருத்தால் என்ன செய்வது? இந்த முன்யோசனையை எல்லோரும் பாராட்டினார்கள். நடுவில் கிடந்த அந்த இடத்துக்கு 'விட்ட இடம்' என்று பெயர் வந்தது. அது எந்த வார்டிலும் சேராது.

அப்புறம் ஆளை எண்ணினார்கள். கோமுவின் முறை வந்தபோது சோலையப்பன் டேப்பை அவள் வயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ஒண்ணா ரெண்டா என்று கேட்டார். கோமு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வெகு நேரம் விவாதம் நடந்தது. கண்ணுக்குத் தெரிவதைத்தான் எண்ண முடியும் என்று கடைசியில் அவளை ஒன்று என்று வைத்தார்கள். அப்படி வைத்ததில் இரண்டு வார்டும் சரிசமமாக வந்து நின்றன.

தலைவர் மட்டும் கவலையோடு கோமுவின் வயிற்றைப் பார்த்தார்.

"தாயி, பிரசவத்தைத் தேர்தலுக்கு அப்புறம் வச்சுக்கிட்டா என்ன?"

"கேட்டுப் பாக்கிறேன் மாமா" என்றாள் கோமு. வீட்டுக்குப் போய்க் கேட்கவும் செய்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது. அதைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டாள்.

அதே சமயம் பின்வார்டிலும் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். பின்வார்டில் புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு தம்பதியைக் கூப்பிட்டுக் கொஞ்சம் சீக்கிரம் பார்க்கச் சொன்னார்கள். அவர்களும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குப் போனார்கள்.

சமம் என்றால் எப்போதும் சமம். அதனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. முன்வார்டுக்காரர் ஒருவர் பின்வார்டுக்குப் போனால் அங்கிருந்து ஒருவர் இங்கே வந்தாக வேண்டும். அவருக்கு மாத்து ஆள் என்று பெயர். மாவு மில் பின்வார்டில், ரேஷன் கடை முன்வார்டில். கோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து யாருக்காவது ஒரு வேலை வராதா என்று காத்துக் கிடந்தார்கள்.

கோமுவின் புருஷன் ஐயம்பெருமாளுக்குப் பின்வார்டுப் பால் பண்ணையில் வேலை. தினமும் அவர் அந்தப் பக்கம் போனதும், பட்டமுத்து என்பவர் அவருக்கு மாத்து ஆளாக இந்தப் பக்கம் வருவார். வருகிறவர் சும்மா வர மாட்டார். ஐயம்பெருமாளின் இடத்தில் உட்கார்ந்து, ஐயம்பெருமாளின் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "குழம்புல உப்புக் கம்மி" என்று முகத்தையும் சுளிப்பார்.

"எனக்கு உப்புச் சரியாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா உன் வீட்டுக்காரர் இருந்தா இதைத்தான சொல்லுவாரு" என்று பிறகு சமாதானமும் சொல்வார். கோமுவும் அதில் குற்றம் காணவில்லை. ஒரே குறைக்கு இரண்டு பேரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவள் வருத்தம்.

ஒரு நாள் காலையில், ஐயம்பெருமாள் வேலைக்குப் போன பிறகு, கோமுவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி பின்வார்டில் இருந்தது. பட்டமுத்து அவளைக் கைத்தாங்கலாகக் கோட்டுக்குக் கூட்டி வந்தார். புருஷன்காரன் படவேண்டிய பதற்றத்தை எல்லாம் அவரே பட்டார். இரண்டு முறை தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

தகவல் தெரிந்து ஐயம்பெருமாளும் எதிர்ப்பக்கம் ஓடி வந்தார். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர்களில் இந்தப் பக்கம் வர வேலை உள்ளவர் வேறு யாரும் இல்லை. அதனால் தலைவர், கோமு அந்தப் பக்கம் போகட்டும், அவளுக்கு மாத்தாக ஐயம்பெருமாள் இந்தப் பக்கம் வரட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

"நான் அங்க வந்துட்டா இவளுக்குத் துணைக்கு யாரு?" என்றார் ஐயம்பெருமாள்.

அப்போதுதான் பேச்சியக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"அது கெடக்கட்டும் தம்பி. போறப்ப இவ ஒண்ணு. வர்றப்ப ரெண்டா வருவாளே, அதுக்கு மாத்து எங்க?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. போகும்போதே இரண்டாக அனுப்பிவிடலாம் என்று சோலையப்பன் சொன்னார். அப்படியானால் அன்றைக்கு எண்ணியது தப்பு என்று ஆகிவிடும், ஊரையே மறுபடியும் எண்ண வேண்டும் என்றார் தலைவர். திரும்பி வரும்போது தாயை முதலில் விட்டுப் பிள்ளையைக் கொஞ்ச நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். கோமு பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து, "வலிக்குது" என்று சொல்வது மரியாதையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் மெல்ல முதல் கோட்டைத் தாண்டி, விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு படுத்துவிட்டாள்.

நர்ஸ் எஸ்தர் ஆஸ்பத்திரியிலிருந்து பையோடு வந்தார். அவர் வெளியூர், வேலைக்காகப் பின்வார்டில் குடியிருந்தார். யாரையும் எதையும் கேட்காமல் இரண்டாவது கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். "ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. முன்வார்டு ஆண்கள் கிழக்கேயும் பின்வார்டு ஆண்கள் மேற்கேயும் திரும்பினார்கள். அப்படித் திரும்பினால் நேருக்கு நேராக வருகிறதே என்று கண்டுபிடித்து மறுபடியும் மாறி நின்றார்கள். பெண்கள் சேலையைச் சுற்றிப் பிடித்தார்கள். சோலையப்பன் தைக்க வந்திருந்த போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சூரியன் உச்சிக்கு வருவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எண்ண ஆரம்பித்தார்கள். முன்வார்டில் கோமு குறைந்திருந்தாள். பின்வார்டில் எஸ்தர் குறைந்திருந்தார். குழந்தை எந்த வார்டிலும் இல்லை. சமம். தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "துணி விட்டுத் தச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்று சோலையப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

எஸ்தர் குழந்தையைத் துடைத்துக் கோமுவின் பக்கத்தில் போட்டார். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

எஸ்தர் பின்வார்டுக்குப் போய்விட்டதால் முன்வார்டில் ஒரு தலை குறைவு. கோமு உடனே வீடு திரும்ப வேண்டும் என்றார் தலைவர். கோமு பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ மட்டும் தாயி. பிள்ளை இங்க பிறந்தது. அது விட்ட இடத்துப் பிள்ளை. முன்வார்டுக்கு வந்தா ஒண்ணு கூடிரும்."

"பசிச்சா?"

"பசிச்சா ஒரு மாத்து ஆளை அனுப்பிட்டு வந்து குடுத்துட்டுப் போ."

கோமு திரும்ப உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை விட்டுப் போக மாட்டாள், பிள்ளையைக் கொண்டுபோகவும் விட மாட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் பட்டமுத்துவைப் பார்த்தார். பட்டமுத்து, புருஷன் சார்பில், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேச்சியக்கா அடுத்த சந்தேகத்தைக் கேட்டாள். விட்ட இடத்தில் ஒரு குடிமகள் வந்துவிட்டதால் அதுவும் ஒரு வார்டுதானே? வார்டு என்றால் எல்லா வார்டும் சமமாக இருக்க வேண்டாமா? இந்த வார்டில் இருப்பது ஒரே ஓர் ஆள். தலைவர் முதல் முடிச்சைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றார். மற்ற வார்டுகளை இதற்குச் சமமாக்க வேண்டுமானால் வார்டுக்கு ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கிப் பேரை எல்லாம் ஊரைவிட்டு அனுப்ப வேண்டியதுதான். யார் யார் போவது என்று ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கோமு பிறந்ததிலிருந்து கூட்டத்தில் யோசனை சொன்னவள் இல்லை. பிள்ளை கையில் இருக்கிற தைரியத்தில் வாயைத் திறந்தாள்.

"மாமா, இவ ஒருத்திக்கு ஒரு வார்டுன்னா, எல்லாருக்கும் ஆளுக்கொரு வார்டு குடுத்துட்டா சமமாயிரும்ல?"

சோலையப்பன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். ஒரு வார்டுக்கு ஒரு ஆள். எப்படிக் கூட்டினாலும் சமமாகவே வந்தது. இதைவிட நியாயமான பிரிவினை உலகத்திலேயே இருக்க முடியாது என்றார்.

"சரி, எல்லையைக் கண்ணுக்குத் தெரியிற மாதிரி எங்க போடுறது? ஆள் ஓரிடத்துல நிக்க மாட்டானே?" என்றாள் பேச்சியக்கா.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எருமை ஞாபகம் வந்தது.

அன்றே சோலையப்பன் வேலையைத் தொடங்கினார். வெள்ளை நாடா வாங்கி, ஊரில் உள்ள எல்லோருடைய வேட்டி, சேலை, பாவாடை ஓரத்திலும் சுற்றித் தைத்தார். நாடாவுக்கு உள்ளே இருப்பது வார்டு. அவரவர் வார்டு அவரவர் கூடவே நடந்தது. மாத்து ஆள் தேவை இல்லாமல் போயிற்று. குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் ஓரத்திலும் மெல்லிசாக ஒரு நாடா ஓட்டிக் கொடுத்தார். பட்டமுத்து கடைசியாக ஒரு முறை சாப்பிட்டுவிட்டு, உப்புச் சரியாக இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வார்டு இன்னொரு வார்டின் மேல் ஏறக் கூடாது என்று தலைவர் புதுசாக ஒரு முடிச்சுப் போட்டார். பிள்ளையை மார்போடு அணைத்தால் ஒட்டித்தானே இருக்கிறது, மேலே இல்லையே என்று கோமு கேட்டுத் தெளிவு பண்ணிக்கொண்டாள். ஐயம்பெருமாளுக்கு மட்டும் அந்த முடிச்சு கொஞ்ச நாள் கவலையாகவே இருந்தது.

கோமு பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள். புருஷன் முன்னால் போய் விளக்கேற்றினார். மூன்று வார்டும் ஒரே வீட்டில் படுத்துத் தூங்கின.

பெரிய அதிகாரி வந்தார். வார்டு பிரித்தாகிவிட்டதா, வரைபடம் எங்கே என்றார். தலைவர் கையைக் காட்டினார். தெருவில் வார்டுகள் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு வார்டு இன்னொரு வார்டோடு குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி பேச்சியக்கா கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சோடா கேட்டார். குடித்து முடித்ததும், எல்லை நேராக இல்லையே, வட்டமாக அல்லவா இருக்கிறது என்று ஒரு குற்றம் கண்டுபிடித்தார். சோலையப்பன் நாடாவைப் பிரித்து இழுத்துக் காட்டினார். நேராகத்தான் இருந்தது. அதிகாரி யோசித்துப் பார்த்தார். அவர் சொன்னதில் செய்யாதது எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

தேர்தல் வந்தது. எல்லா வார்டிலும் ஒரே வேட்பாளர், ஒரே வாக்காளர். எல்லோரும் போட்டியில்லாமல் ஜெயித்தார்கள். கோமுவின் மகளும் ஜெயித்தாள். வெற்றிச் செய்தியைச் சொல்லப் போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று கோமு சொல்லிவிட்டாள்.

வெயிலுகந்தார் மட்டும், போட்டியில்லாமல் ஜெயிப்பது தலைவருக்கு அழகில்லை, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் நான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவருடைய வார்டுக்கு மட்டும் ஓட்டு மெஷின் வைத்தார்கள். சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, வரிசையில் தனியாக நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. சாயங்காலம் எண்ணினார்கள். யாருக்கும் ஓட்டு இல்லை என்கிற கடைசிப் பொத்தானில் ஒரு ஓட்டு விழுந்திருந்தது. தலைவர் தோற்றுப்போனார்.

ஊரே துக்கம் விசாரிக்கப் போயிற்று. உங்களுக்கு ஓட்டுப் போடாத துரோகி யார் என்று பேச்சியக்கா கொதித்தாள். ரகசிய ஓட்டு, வெளியே சொல்லக் கூடாது என்று தலைவர் வாயை மூடிக்கொண்டார்.

இடைத்தேர்தல் வைத்தார்கள். இந்தத் தடவை அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கும்பிட்டு, தொண்டை கட்டும் வரைக்கும் பிரசாரம் செய்தார். குழாய் போட்டுத் தருகிறேன் என்றார், தெருவிளக்கு என்றார், கேட்காததை எல்லாம் தருகிறேன் என்றார். இரவு தனக்கே ஒரு பொட்டலம் பிரியாணியும் வாங்கிக் கொடுத்துக்கொண்டார். மறுநாள் போய் ஓட்டுப் போட்டார். மறுபடியும் தோற்றார்.

கோமு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனாள். முன்னைப் போல் இல்லை, இப்போது கொஞ்சம் வாய் திறந்து கேட்கப் பழகியிருந்தாள்.

"ஏன் மாமா, பிரியாணி வாங்கித் தின்னுட்டும் ஓட்டுப் போடலையா?"

வெயிலுகந்தார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"போடலாம்னுதான் தாயி போனேன். ஆனா கண்ணாடிக்கு முன்னால நின்னு வாக்குறுதி குடுக்கிறப்பவே அந்த ஆள் மூஞ்சியைப் பாத்தேன். செய்யவே மாட்டான்."